அறுபத்தொன்றாவது பிள்ளை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



என்னை உங்களில் பலருக்குத் தெரியும். அன்னூர், காரமடை வட்டாரங்களில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 34 வருஷம் வேலை பார்த்தேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சில பேருக்கு நான்தான் 'அ' எழுதப் பழக்கினேன். முன் வரிசையில் ஒரு ஊக்குநர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். உட்காரு கண்ணு, இன்னைக்கு வீட்டுப்பாடம் கேட்க வரலை.

ஆண்டு விழாவென்றால் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, திருப்பிக் கட்டினது எத்தனை சதவீதம் என்று கணக்கு வாசிப்பார்கள். காலையில் வாசித்தார்கள், நானும் கேட்டேன். நல்ல கணக்கு. 1989-ல் தர்மபுரியில் முதல் குழுக்கள் தொடங்கினபோது, "பொம்பளைங்க கூடிப் பணம் சேர்க்கறதாவது" என்று சிரித்தவர்கள் உண்டு. இன்றைக்கு அதே பொம்பளைங்க வாசலில் வங்கி மேனேஜர் வந்து நிற்கிறார். நான் பேச வந்தது அந்தக் கணக்கில் ஒரே ஒரு வரியைப் பற்றி.

உங்கள் கடன் பேரேட்டை எடுத்துப் பாருங்கள். 'கடன் வாங்கிய நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும். மாடு, தையல் மெஷின், வைத்தியம், விசேஷம், வீடு ஓடு மாத்தறது என்று எழுதியிருப்பீர்கள். மே, ஜூன் பக்கத்தைப் புரட்டினால் வரிசையாக ஒரே வார்த்தை: 'கல்விச் செலவு', 'கல்விச் செலவு', 'கல்விச் செலவு'. ஐந்து குழுக்களின் நோட்டைப் பார்த்தேன், ஐந்திலும் அப்படித்தான். மாடு வாங்கினால் பால் கறக்கும், மெஷின் வாங்கினால் ஜாக்கெட் தைக்கலாம். கல்விக்கு வாங்கின கடனை அடைக்க நாம்தான் இன்னொரு ஷிஃப்டுக்குப் போகணும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பிள்ளைக்கு வருஷம் 30,000 ரூபாய் கட்டணம், வேனுக்கு 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் சிலர் இதைவிடக் கூடுதலாகக் கட்டுகிறீர்கள், சிலர் குறைவாக. 40,000 ரூபாயைக் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கிப் பத்துத் தவணையில் கட்டினால் வட்டி மட்டும் 2,200. எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு முடிய ஏழு வருஷம். மொத்தம் 2,95,400 ரூபாய். இன்னும் நோட்டு, புத்தகம், ஷூ, ஆண்டு விழா டிரஸ் இதில் சேரவில்லை. இரண்டு பிள்ளைகள் என்றால் இரட்டிப்பு. பிள்ளை இன்னும் ஆறாம் வகுப்புக்கே போகவில்லை, காலேஜுக்கு எடுத்து வைத்த பணம் எங்கே?

இதைச் சொன்னதும், "டீச்சரம்மா, கவர்மெண்டு ஸ்கூல்ல நீங்க ஒழுங்கா சொல்லிக் குடுத்திருந்தா நாங்க ஏன் போறோம்" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஏன் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று வயதில் பிள்ளையை எங்காவது விட்டாகணும். எட்டு மணிக்கு மில்லுக்குப் போகிற அம்மாவுக்கு வாசலுக்கே வருகிற வேன் பெரிய உபகாரம். நம் தொடக்கப் பள்ளியோ ஐந்து வயதில்தான் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும். எல்.கே.ஜி.க்கு ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டால் பிள்ளை அங்கேயே ஒன்றாம் வகுப்புக்கும் போய்விடும். அதுதான் அவர்களுடைய வியாபார சூட்சுமம். அரசு 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளிகளோடு சேர்ந்திருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் நம் மாநிலத்தில் 37 ஆயிரத்துக்கு மேல் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. இந்த எண்ணிக்கை அதில் எத்தனை பங்கு என்று நீங்களே பாருங்கள்.

அடுத்தது இங்கிலீஷ். "எங்களுக்குத்தான் வரலை, பிள்ளைக்காவது வரட்டும்" என்று நினைப்பது தப்பில்லை. மூன்றாவது, ஆசிரியர் பற்றாக்குறை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே ரூமில் உட்கார வைத்துச் சமாளிக்கணும். நான் அப்படிச் சமாளித்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம், நடுவில் ஒருத்தனுக்கு மூக்கில் ரத்தம். அதைப் பார்த்த தாய் பிள்ளையை மாற்றினால் நான் எந்த முகத்தோடு குறை சொல்வது?

நான்காவது காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம். கௌரவம். "பக்கத்து வீட்டுப் பையன் டை கட்டிட்டுப் போறான், எம்பட பையன் மட்டும் நடந்து போறதா?" இதற்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. பையனை வேனில் அனுப்பிவிட்டுப் பொண்ணை நம் பள்ளிக்கு நடத்தி அனுப்புகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே வீடு, ஒரே சோறு, பள்ளிக்கூடம் மட்டும் இரண்டு. மூன்றாம் வகுப்பில் படித்த ஒரு பிள்ளை ஒரு நாள் என்னைக் கேட்டது: "டீச்சர், நம்ம பள்ளிக்கூடம் காசில்லாதவங்களுக்குங்களா, பொம்பளப் பிள்ளைங்களுக்குங்களா?" எட்டு வயசுப் பிள்ளை. எந்தத் தாயும் வேணும்னு செய்வதில்லை. காசு ஒருத்தருக்குத்தான் வரும் என்னும்போது அது பையன் பக்கம் போய்விடுகிறது. ஆனால் அந்தப் பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது நம் பள்ளி எப்படிச் சுருங்குகிறது என்று சொல்கிறேன். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ரேஷன் கார்டில் எத்தனை பேர் என்று பார்த்து அரிசி போடுகிற மாதிரி, பள்ளியில் எத்தனை பிள்ளை என்று பார்த்து ஆசிரியர் போடுகிறார்கள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் கணக்கு எழுதியே வைத்திருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரைக்கும் இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. 120-ஐத் தாண்டினால் ஐந்து, வகுப்புக்கு ஒருவர். நம் மாநிலத்தில் ஆகஸ்ட் 1-ந் தேதி எத்தனை பிள்ளைகள் பேர் பதிவில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் பணி நிர்ணயம். எண்ணிக்கை குறைந்தால் இருக்கிற ஆசிரியரையும் 'உபரி' என்று வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். பணி நிரவல் என்று அதற்குப் பேர்.

இதில் உள்ள சுழலைப் பாருங்கள். ஆசிரியர் இல்லை என்று ஒரு தாய் பிள்ளையை எடுக்கிறார். பிள்ளை போனதால் ஆசிரியர் போகிறார். ஆசிரியர் போனதைப் பார்த்து இன்னும் நான்கு தாய்மார் எடுக்கிறார்கள். வற்றுகிற கிணற்றில் மாற்றி மாற்றி மோட்டார் போடுகிற கதைதான். 2019 ஆகஸ்டில் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக்கப் போவதாக அறிவித்தார்கள். அந்த 46 பள்ளியும் ஒரே நாளில் காலியானது அல்ல. ஒவ்வொரு ஜூனிலும் ஒரு வீடு, இரண்டு வீடு என்று போய்த்தான் அந்த நிலைமை. புதுக்கோட்டை மாவட்டத்தில் நூலகமாக்கின ஒரு பள்ளியை, ஊர்க்காரர்கள் கூடிப் பேசிப் பிள்ளைகளைச் சேர்த்ததால், சில நாளிலேயே மறுபடி பள்ளியாகத் திறந்தார்கள். ஊர் நினைத்தால் மூடினதும் திறக்கும்.

பிள்ளைகளே குறைவாகப் பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. நம் அம்மிச்சி காலத்தில் வீட்டுக்கு ஆறு, ஏழு. இப்போது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை என்று வந்தது. கொங்குச் சீமையில் தோட்டத்துச் சாளைகளைச் சுற்றி இருக்கிற சின்ன ஊர்களில் இது கண்ணுக்கே தெரியும். ஆகையால் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் பள்ளியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் ஒரு ஜூன் மாதம் 58 பிள்ளைகள் இருந்தார்கள். இன்னும் மூன்று பேர் வந்தால் மூன்றாவது ஆசிரியர் கேட்கலாம். அந்த ஊரில் இருந்த இரண்டு குழுக்களின் கூட்டத்துக்கு நான் போனேன். "எனக்கு மூணு பிள்ளை வேணும்" என்றேன். ஒரு அம்மா, "இந்த வயசுலயா டீச்சர்?" என்று கேட்க, கூட்டமே சிரித்தது. சிரிப்பு அடங்கினதும் வேலையைத் தொடங்கினார்கள். யார் வீட்டில் ஐந்து வயசு முடிந்த பிள்ளை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த அதிகாரிக்குத் தெரியும்? விசைத்தறிக் கூடத்தில் தங்கியிருந்த ஒடிசாக்காரக் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கே போகாமல் இருந்தன. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, நம்மவர்களுக்கு ஒடியா தெரியாது. சோறு சாப்பிடுகிற மாதிரியும் எழுதுகிற மாதிரியும் கையைக் காட்டிப் பேசியே கூட்டி வந்தார்கள். இன்னொரு பிள்ளை தனியார் பள்ளியில் கட்டணப் பாக்கி இருந்ததால் டி.சி. கிடைக்காமல் மூன்று மாதமாக வீட்டில் உட்கார்ந்திருந்தது. அதையும் கூட்டி வந்தார்கள். ஆகஸ்ட் 1-ந் தேதி என் பதிவேட்டில் 61.

மூன்றாவது ஆசிரியர் மறுநாளே வந்துவிடவில்லை. மனு எழுதி, பின்னாலேயே போய், அடுத்த வருஷக் கலந்தாய்வில்தான் வந்தார். ஆனால் வந்தார். அந்த ஆசிரியர் வந்த பிறகு ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குத் தனியாக ஒருவர் கிடைத்தார். அந்த வருஷம் இரண்டாம் வகுப்பு முடிக்கும்போது தட்டுத் தடுமாறாமல் கதைப் புத்தகம் படித்த பிள்ளைகள், அதற்கு முந்தின வருஷத்தைவிட அதிகம். அறுபத்தொன்றாவது பிள்ளை மற்ற அறுபது பேருக்கும் ஒரு டீச்சரைக் கொண்டு வந்தது.

டி.சி. விஷயம் சொன்னேன், அதை விட்டுவிடக் கூடாது. கட்டணப் பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைப்பது செல்லாது. மாற்றுச் சான்றிதழைக் கட்டணம் வசூலிக்கிற கருவியாக்கக் கூடாது, பாக்கி இருப்பதை அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. எட்டாம் வகுப்பு வரைக்கும் டி.சி. இல்லை, பிறந்த சர்டிபிகேட் இல்லை என்று எந்த அரசுப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான். டி.சி. வரவில்லையே என்று பயந்து பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிற தாய் உங்கள் குழுவில் இருந்தால், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

"இதெல்லாம் பேச்சுக்கு நல்லாருக்குங்க, நடக்குமா?" என்றால், நம்ம பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 2011 ஜூனில் ஈரோடு கலெக்டராக இருந்த ஆனந்தகுமார் அவர்கள் தம் மகளை ஈரோடு குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மற்ற பெற்றோரோடு தாமும் காத்திருந்து சேர்த்தார். மகளும் அங்கேயே சத்துணவு சாப்பிடட்டும் என்றார். கலெக்டர் பிள்ளை படிக்கிற பள்ளி என்றதும் நாடு முழுக்கப் பேச்சு. நான் அதில் கவனித்தது ஒன்றுதான். ஒரு பள்ளிக்கூடத்தில் யாருடைய பிள்ளை படிக்கிறது என்பதைப் பொறுத்து அங்கே குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா என்று பார்க்கிற கண்கள் கூடுகின்றன. எல்லா ஊருக்கும் கலெக்டர் வர முடியாது. ஆனால் கூட்டமைப்புத் தலைவியின் பேரப் பிள்ளையும் ஊக்குநரின் பிள்ளையும் அங்கே படித்தால், கேள்வி கேட்க ஆள் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று, காரமடை ஒன்றியத்தில் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ராமம்பாளையம் தொடக்கப் பள்ளி. சின்ன ஊர், இரண்டே ஆசிரியர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த இரண்டு பேரும் கைக்காசு போட்டு, ஊர்க்காரர்களையும் போட வைத்து, ஒரு வகுப்பறையை மாற்றினார்கள். தரைக்கு டைல்ஸ், கம்ப்யூட்டர், நல்ல குடிதண்ணீர், பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் எழுதுபலகை. பிள்ளைகள் எண்ணிக்கை ஏறினது. வேறு மாவட்டத்து ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கைக்கு எட்டுகிற பலகை என்பது காசு விஷயம் அல்ல பாருங்கள். ஆறு வயசுப் பிள்ளையின் உயரம் எவ்வளவு என்று யாரோ ஒருவர் நின்று யோசித்திருக்கிறார்.

ஊர் கை கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கல்வி மந்திரியாக இருந்தவர் நம் பொள்ளாச்சி பக்கத்துச் செங்குட்டைபாளையத்துக்காரர், சி. சுப்பிரமணியம். அந்தக் காலத்தில்தான் மதிய உணவு வந்தது. தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் கொடுத்த தானியமும் காசும்தான் அடுப்பை எரிய வைத்தன. பள்ளிக்கு இடம் கொடுத்தவர்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தவர்கள், கரும்பலகை வாங்கிக் கொடுத்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிச் சுவரில் பழைய கல்வெட்டு இருந்தால் படித்துப் பாருங்கள். உங்கள் அப்பாரு பேரோ அப்புச்சி பேரோ அதில் இருக்கலாம்.

அந்த மாதிரிப் பள்ளிகளில் படித்தவர்கள் என்ன ஆனார்கள்? கிணத்துக்கடவு பக்கம் கோதவாடியில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மயில்சாமி அண்ணாதுரைதான் 2008-ல் நிலாவுக்குப் போன சந்திரயான்-1-க்குத் திட்ட இயக்குநர். இது எப்போதோ ஒருத்தர் என்பீர்கள். சரி, எல்லாருடைய கணக்கையும் பார்ப்போம். 2024 பிளஸ் டூ ரிசல்ட்டில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் நம்ம திருப்பூர், 97.45 சதவீதம். அடுத்து ஈரோடு 97.42. பனியன் கம்பெனியிலும் விசைத்தறியிலும் வேலை செய்கிற அப்பா அம்மாவின் பிள்ளைகளும் சேர்ந்துதான் அந்த இடம். அந்த வருஷம் மாநிலச் சராசரி 94.56, அரசுப் பள்ளிகள் மட்டும் 91.02. அடுத்த வருஷம் அரசுப் பள்ளிகள் 91.94-க்கு ஏறின. தனியார் பள்ளிகளைவிடக் குறைவுதான். ஆனால் தனியார் பள்ளி பிள்ளையைத் தேர்வு செய்து எடுக்கும், மார்க் குறைந்தால் வெளியே அனுப்பும். அரசுப் பள்ளி வருகிற பிள்ளையை எல்லாம் எடுக்கும். அந்த வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் பார்க்கணும்.

இப்போது தாய்மார் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியது. 2020-ல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. அதற்கு முந்தின வருஷம் அரசுப் பள்ளியிலிருந்து டாக்டருக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருஷமே 400 பேர் அளவுக்கு இடம் கிடைத்தது. நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும், அதில் மாற்றமில்லை. 2021-ல் இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் என்று மற்றப் படிப்புகளுக்கும் இதே 7.5 சதவீதம் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது.

நிபந்தனை என்ன தெரியுமா? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கணும். பத்தாவது வரை தனியாரில் படித்துவிட்டு, பதினொன்றில் வந்து சேர்ந்தால் கிடையாது. உதவி பெறும் பள்ளியும் இதற்குச் சேராது. பிளஸ் டூ முடித்த பிறகு இதைக் கேள்விப்பட்டு, "முன்னமே யாராச்சும் சொல்லியிருந்தா..." என்று அழுத தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

காலேஜுக்குப் போன பிறகும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9-ல் நம் கோவையில்தான் தொடங்கினார்கள். இரண்டிலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்றால், பொண்ணைப் படிப்பை நிறுத்தி மில்லுக்கு அனுப்பலாம் என்கிற பேச்சு வீட்டில் எழாது. அந்தப் பேச்சு எழுந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற பல பேருக்குத் தெரியும். பத்தாவதோடு நின்று ஸ்பின்னிங் மில்லுக்குப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

இனி நம் குழுக்கள் என்ன செய்யலாம்?

ஒன்று நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கின காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25-ல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சுமார் 31 ஆயிரம் பள்ளி. அங்கே சமைப்பது சுய உதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் படிக்கிற பிள்ளையின் அம்மாவுக்குத்தான் அந்த வேலை. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, காய். விடியும் முன்னே போய் அடுப்பைப் பற்ற வைத்து, மணி அடிக்கும் முன்னே பரிமாறி முடிக்கிறீர்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் பத்து மணிக்குப் பிரேயரில் மயங்கி விழுகிற பிள்ளை மாதம் ஒன்றாவது இருக்கும். டீத்தண்ணி குடித்துவிட்டு வந்த பிள்ளை பாவம், பெருக்கல் வாய்ப்பாட்டை எங்கே வைக்கும்? கிச்சடி கிண்டுகிற நம் தங்கச்சி, தன்னை அறியாமலே கணக்கு வாத்தியாருக்குப் பாதி வேலையைக் குறைத்திருக்கிறாள்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022-ல் நம் மாநிலத்தில் புதிதாக அமைத்தபோது தலைவர் பொறுப்பையே ஒரு தாய்க்கு என்று வைத்தார்கள். நடப்பது என்ன? கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். நம் குழுக் கூட்டத்தில் பத்து ரூபாய் இடித்தால் விடுவோமா? "இந்தப் பத்து எங்க போச்சுங்க?" என்று மூன்று பேர் கேட்போம். அந்தப் பழக்கத்தை அங்கேயும் கொண்டு போங்கள். ஆசிரியர் பணியிடம் எத்தனை, எத்தனை காலி? பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, யார் கழுவுகிறார்கள்? வந்த மானியம் எவ்வளவு, எதற்குச் செலவு? கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். வாத்தியார்களோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. நல்ல ஆசிரியருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் தீர்மானம்தான் மேலே போய்க் கேட்க ஆயுதம்.

மூன்றாவது, வாசிப்பு. பள்ளி நல்ல பள்ளியா என்று கண்டுபிடிக்க டையும் பெல்ட்டும் பார்க்க வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். 52-ல் 27 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை தடுமாறுகிறதா இல்லையா என்று காதுக்குத் தெரியும். அரசுப் பள்ளியானாலும் சரி, 40,000 கட்டுகிற பள்ளியானாலும் சரி, இதே பரீட்சை வையுங்கள். தடுமாறினால் மறுநாள் போய் டீச்சரைப் பாருங்கள்.

நான்காவது, பிள்ளைக் கணக்கு. ஜனவரி மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தன் வீதியில் ஐந்து வயது முடியப்போகிற பிள்ளைகளின் பேரை எழுதட்டும். வெளி மாநிலத்திலிருந்து வந்து தறிக் கூடத்திலும் கோழிப் பண்ணையிலும் தங்கியிருக்கிறவர்கள் பிள்ளைகளையும் விடாமல் எழுதட்டும். அவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்தான், அவர்கள் தமிழ் படித்து முன்னால் உட்காருவதை இப்போதே கோவையிலும் திருப்பூரிலும் பார்க்கிறோம். அந்தப் பட்டியலோடு தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். இத்தனை பிள்ளை வந்தால் எத்தனை ஆசிரியர் கேட்கலாம் என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தூரம்தான் பிரச்சினை என்றால், எட்டுத் தாய்மார் சேர்ந்து ஒரு ஆட்டோ பேசிக்கொள்ளலாம். வேனுக்குத் தனித்தனியாகக் கட்டுவதைவிட அது குறையும்.

கடைசியாக ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் கட்டணம் கட்ட முடியாமல் எத்தனையோ பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். பள்ளி அவர்களை என்ன ஏது என்று கேட்காமல் எடுத்துக்கொண்டது. நிலைமை சரியானதும் நிறையப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். ஆத்திரத்துக்கு ஒதுங்கிக்கொள்ள ஊரில் ஒரு பள்ளி இருந்ததால்தான் அன்றைக்கு ஒதுங்க முடிந்தது. நாளைக்கு மில் மூடினால், மழை பொய்த்தால், வீட்டுக்காரருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அது இருக்குமா? நடக்கிற தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பிள்ளை இல்லாத பள்ளியைச் சட்டம் காப்பாற்றாது.

எல்லாரும் நாளைக்கே பிள்ளையை மாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் வீடு, உங்கள் பிள்ளை, உங்கள் முடிவு. அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு தீர்மானம் மட்டும் எழுதுங்கள்: கல்விச் செலவுக்குக் கடன் கேட்டு வருகிற தாயிடம், கடன் கொடுக்கும் முன்னால், நம் ஊர்ப் பள்ளியைப் போய் ஒரு நாள் பார்த்தாயா என்று கேட்பது. பார்த்துவிட்டு வந்தும் கடன் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பார்த்துவிட்டு மனசு மாறினால், அந்தக் கடன் மாட்டுக்கோ மெஷினுக்கோ போகட்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டில் ஆகஸ்ட் 1-ந் தேதி ஒரு பேர் கூடட்டும்.

 சாப்பாடு ஆறிப் போறதுக்குள்ள எந்திரிங்க.